வண்டிப் பட்டறையில் இருந்து ஐரோப்பா பார்க் வரை: ஒரு ராட்டாந்தூரிக் குடும்பத்துக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கோபிப் பக்கம் மூன்று தலைமுறையாக நோம்பிக்கு நோம்பி, அதாவது கோயில் திருவிழாதோறும், ராட்டாந்தூரி என்று நாம் சொல்லும் ராட்டினம் போடும் குடும்பம். தாத்தா காலத்தில் கையால் சுற்றிய மரத்தூரி, அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கிய இரும்பு ஜயண்ட் வீல், அப்புறம் கப்பல் மாதிரி ஆடும் கொலம்பஸ், குழந்தைகள் ரயில். ஜெர்மனியில் ஐரோப்பா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவை நடத்தும் மாக் குடும்பம் 1780-இல் இருந்து தொழிலில் இருக்கிறது என்று எங்கோ பார்த்திருக்கிறீர்கள். அது நிஜமா, எட்டுத் தலைமுறை எப்படிப் பிரியாமல் இருந்தது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், பெருந்துறைப் பக்கம் ஆறு ஏக்கர் குடும்ப நிலம் இருக்கிறது, நாங்களும் ஒரு பார்க் தொடங்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு விடை வேண்டியது அந்தக் கேள்விக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் முதல் கேள்வியின் விடைக்குள்தான் இரண்டாவதற்கும் விடை இருக்கிறது.

நான் கோவையில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். பீளமேட்டில் ஒரு ஃபவுண்டரியில் ஆறு வருடம் இருந்தேன். அதற்கப்புறம் ஒரு தண்ணீர் பார்க்கில் பதினெட்டு வருடம் ரைடுகளின் பராமரிப்பு. இப்போது திருவிழா ராட்டினங்களைப் பார்த்துச் சொல்லக் கூப்பிடுகிறார்கள், போய் வருகிறேன். மாக் குடும்பத்தின் ஊரை நான் நேரில் பார்த்தது கிடையாது. தொழிலில் இருப்பவனாக அவர்கள் செய்யும் ரைடுகளைப் பற்றிப் பல வருடமாகப் படித்து வருகிறேன், அவ்வளவுதான். வரி, சொத்துப் பிரிவினை இதெல்லாம் என் படிப்பு இல்லை. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் 1780. அந்த வருடம் உண்மைதான், ஆனால் அது ராட்டினத்தின் வருடம் கிடையாது. தென்மேற்கு ஜெர்மனியில் கருங்காட்டு மலைப்பகுதியில், ஃப்ரைபர்க் நகரத்துக்குப் பக்கத்தில், வால்ட்கிர்ஷ் என்று ஓர் ஊர். அங்கே பால் மாக் என்பவர் 1780-இல் வண்டிப் பட்டறை வைத்தார். குதிரை வண்டி, பயணிகள் போகும் கோச்சு வண்டி, இவைதான் வேலை. நம்மூரில் வில்வண்டி கட்டித் தந்த ஆசாரிப் பட்டறை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டறையில் முதல் ரோலர் கோஸ்டர், மரத்தில் கட்டியது, 1921-இல்தான் வருகிறது. ஐரோப்பா பார்க் திறந்தது 1975-இல். ஆக, தொழில் 1780, ரைடு 1921, பார்க் 1975. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் "இருநூற்று நாற்பது வருடப் பார்க்" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். முதல் ரைடு செய்யும்போது அவர்களுக்குப் பட்டறை அனுபவம் நூற்று நாற்பது வருடம். பார்க் திறக்கும்போது ரைடு செய்த அனுபவம் அரை நூற்றாண்டுக்கு மேல். இந்த இடைவெளியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வண்டி செய்தவர்கள் ராட்டினத்துக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. வால்ட்கிர்ஷ், இசைப் பெட்டி செய்வதற்குப் பேர் போன ஊர். ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று தானாகவே வாசிக்குமே, ஆள் உயரத்துக்கு மேல் பெரிய ஆர்கன், அது அந்த ஊரில் செய்யப்பட்டு ஐரோப்பா முழுக்கப் போனது. அவ்வளவு கனமான, குலுங்கினால் சுருதி கெட்டுப்போகிற ஒரு பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோக நல்ல வண்டி வேண்டும். உள்ளூரில் வண்டிப் பட்டறை யாருடையது? மாக் குடும்பத்தினுடையது. இப்படித்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருவிழாக்காரர்கள் அவர்களுக்கு வாடிக்கையாளர்கள் ஆனார்கள். ஆர்கன் வண்டிக்கு அப்புறம் ராட்டினச் சாமான் ஏற்றும் வண்டி, பிறகு சர்க்கஸ்காரர்கள் குடும்பத்தோடு தங்கும் வீட்டு வண்டி. வண்டி வாங்க வருகிறவர் தன் தொழில் கஷ்டத்தையும் பேசுவார் இல்லையா? எந்த ராட்டினம் சீக்கிரம் உடைகிறது, எதைப் பூட்ட நேரமாகிறது, எதற்குக் கூட்டம் நிற்கிறது என்பதெல்லாம் பட்டறையில் இருந்தபடியே அவர்கள் காதுக்கு வந்திருக்கும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவருக்கு லாரி ஓட்டாமலே லாரித் தொழில் முழுக்கத் தெரிந்திருக்கும். அதே கதைதான்.

இப்போது 1970-களுக்கு வருவோம். அப்போது தொழிலை நடத்தியவர் ஃப்ரான்ஸ் மாக், 1921-இல் பிறந்தவர். அவர் மகன் ரோலண்ட் மாக் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 1972-இல் அப்பாவும் மகனும் அமெரிக்கா போய் அங்கிருந்த பார்க்குகளைச் சுற்றிப் பார்த்தார்கள். திரும்பி வந்து, நாம் செய்கிற ரைடுகளையெல்லாம் ஒரே இடத்தில் நிரந்தரமாக நிறுத்தி ஓட்டினால் என்ன என்று யோசித்தார்கள். வாங்க வருகிறவருக்குப் படத்தையும் வரைபடத்தையும் காட்டுவதை விட, ரைடு ஓடுவதையும் அதற்கு ஜனம் வரிசையில் நிற்பதையும் காட்டிவிடலாம். பார்க் பிறந்தது இந்த யோசனையில்தான். பட்டறைக்கு ஒரு ஷோரூம். முதலில் பிரைசாக் என்ற ஊர்ப் பக்கம் இடம் பார்த்தார்கள், அது அமையவில்லை. "ஐரோப்பா" என்ற பெயர்கூட அங்கே திட்டமிட்டிருந்த ஏரியை ஒட்டி வந்ததுதான். நாடு நாடாகப் பிரித்துப் பார்க் கட்டியதால் வந்த பெயர் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆனால் இத்தாலி என்ற முதல் நாட்டுப் பகுதியே 1982-இல்தான் வந்தது. இடம் கடைசியில் ரஸ்ட் என்ற சின்ன ஊரில் ஒரு பழைய கோட்டை வீட்டின் தோட்டத்தில் அமைந்தது. 1975 ஜூலை 12-இல் திறந்தார்கள். ரோலண்டுக்கு அப்போது 25 வயது, உங்கள் வயதுதான். முதல் வருடம் வந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர். இன்றைக்கு வருடத்துக்கு 60 லட்சம் அளவில் வருகிறார்கள். ரஸ்ட் ஊரின் மக்கள்தொகையே சில ஆயிரம்தான்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரஸ்ட் ரைன் நதிக்கரையில் இருக்கிறது. நதியைத் தாண்டினால் பிரான்ஸ், தெற்கே கொஞ்ச தூரம் போனால் சுவிட்சர்லாந்து. மூன்று நாட்டு ஜனங்களுக்குக் காரில் போய் வரும் தூரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்துக் குடும்பங்கள் விடுமுறைக்கு நம் பக்கம் வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள்.

பட்டறையும் பார்க்கும் ஒரே வீட்டில் இருப்பதால் என்ன லாபம் என்பதைப் பராமரிப்பில் இருந்தவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரோலர் கோஸ்டர் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் மூன்று வகைச் சக்கரம் தெரியும். தண்டவாளத்தின் மேல் உருளுவது ஒன்று, பக்கவாட்டில் அணைத்து ஓடுவது ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் இருந்து வண்டியைத் தூக்க விடாமல் பிடிப்பது ஒன்று. சக்கரத்தின் மேல் பாலியூரித்தேன் பூச்சு. கோடைக்கும் குளிருக்கும் அது தேய்வது வேறு வேறு மாதிரி. எந்த வளைவில் எந்தச் சக்கரம் முதலில் கொப்புளிக்கிறது என்பதைத் தினமும் காலையில் கையால் தடவிப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். நான் வேலை செய்த இடத்தில் இதைக் கண்டுபிடித்து, எழுதி, ரைடு செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பி, பதில் வர ஆறு வாரம் ஆகும். மாக் வீட்டில் பராமரிப்பவரும் வடிவமைப்பவரும் ஒரே குடும்பத்துச் சம்பளக்காரர்கள். ரஸ்டில் கண்ட குறை வால்ட்கிர்ஷில் செய்யும் அடுத்த ரைடில் சரியாகிவிட வாய்ப்பு இருக்கிறது. எனக்கு அவர்கள் மேல் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு விஷயம் என்னை ஆச்சரியப்பட வைத்தது. 2002-இல் அவர்கள் பார்க்கில் சில்வர் ஸ்டார் என்று 73 மீட்டர் உயரமான கோஸ்டரைத் திறந்தார்கள், மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம். அதைச் செய்தது மாக் பட்டறை இல்லை. சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபியார் கம்பெனி. சொந்தப் பட்டறை வைத்துக்கொண்டு, பார்க்கின் பெரிய ரைடைப் போட்டியாளரிடம் வாங்கினார்கள். நம் கைக்கு வராததை நம் கையால் செய்துதான் தீருவேன் என்று அடம்பிடிக்கவில்லை. ஏழு வருடம் கழித்து, 2009-இல், சொந்தப் பட்டறையில் இருந்து ப்ளூ ஃபயர் வந்தது. நின்ற இடத்தில் இருந்து இரண்டரை விநாடியில் 100 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். அதன் பிறகு அவர்களுடைய கோஸ்டர்கள் பல நாட்டுக்குப் போயின. அமெரிக்காவில் சில்வர் டாலர் சிட்டி என்ற பார்க்கில் 2018-இல் வந்த டைம் டிராவலர் மாக் செய்ததுதான். அந்தப் பார்க்கும் ஹெர்ஷெண்ட் என்ற குடும்பத்தின் சொத்து. ஒரு குடும்பக் கம்பெனி இன்னொரு குடும்பக் கம்பெனியிடம் வாங்கியிருக்கிறது.

பார்க் வளர்ந்த விதத்தில் எனக்குத் தெரிவது நிதானம். 1975-இல் திறந்தவர்கள் முதல் ஹோட்டலைக் கட்டியது 1995-இல், இருபது வருடம் கழித்து. குளிர்காலத்திலும் திறந்து வைக்கத் தொடங்கியது 2001-இல். ருலான்டிகா என்ற தண்ணீர் பார்க் 2019 நவம்பரில். இப்போது பரப்பளவு சுமார் 95 ஹெக்டேர், நம் கணக்கில் 230 ஏக்கருக்கு மேல். 2018 மே மாதம் ஒரு சனிக்கிழமை பெரிய தீ விபத்து நடந்தது. படகில் போகும் பழைய ரைடு ஒன்று, 1987-இல் கட்டியது, முழுக்க எரிந்து போனது, பக்கத்துப் பகுதியும் சேதமானது. வந்திருந்த ஜனங்களைப் பத்திரமாக வெளியேற்றிவிட்டு மறுநாளே மற்ற பகுதிகளைத் திறந்தார்கள். எரிந்ததை 2020-இல் மறுபடி கட்டி முடித்தார்கள். தீ பிடித்தால் யார் எந்த வாசலைத் திறக்க வேண்டும் என்பது முன்பே பழகியிராத இடத்தில் இது நடக்காது.

சரி, குடும்பம் எப்படிப் பிரியாமல் இருந்தது? இங்கே எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஃப்ரான்ஸ் மாக் 2010-இல் காலமானார். ரோலண்டும் அவர் தம்பி யூர்கனும் பார்க்கை நடத்தினார்கள், அடுத்த தலைமுறையான மைக்கேல், தாமஸ், ஆன்-கேத்ரின் மூவரும் தொழிலுக்குள் வந்துவிட்டார்கள். இதெல்லாம் ஊரறிந்த உண்மை. ஊடகம், படம், மெய்நிகர் தொழில்நுட்பம் ஒருவர் பக்கம், ஹோட்டலும் சாப்பாடும் ஒருவர் பக்கம் என்று வேலை பிரிந்திருக்கிறது, அதுவும் வெளியே தெரிந்ததுதான். இப்படி ஒவ்வொருவருக்கும் தனிக் களம் இருப்பதால்தான் சண்டை வராமல் இருக்கிறது என்று நான் சொன்னால் அது என் ஊகம். வீட்டுக்குள் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வெளியில் இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை. ஒற்றுமைதான் காரணம் என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

மற்ற குடும்பங்களுக்கு என்ன ஆனது என்பதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்று ஒரு பார்க். சாலையோரம் பழம் விற்ற விவசாயக் குடும்பம், 1934-இல் கோழி வறுவல் சாப்பாடு போடத் தொடங்கி, சாப்பிடக் காத்திருக்கும் கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டுமென்று பழைய ஊர் ஒன்றைக் கட்டி வைத்து, அதுவே பார்க் ஆனது. 1997-இல் குடும்பம் அதைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டது. பென்சில்வேனியாவில் கென்னிவுட் பார்க்கை நடத்திய குடும்பங்கள் 2007-இல் விற்றன. இந்தியானாவில் ஹாலிடே வேர்ல்ட், 1946-இல் தொடங்கியது, இன்றும் குடும்பத்திடம் இருக்கிறது. ஆனால் அதை நடத்தி வந்தவர் 2010-இல் திடீரென்று இறந்ததும், அவருடைய பங்குக்கு என்ன விலை என்று குடும்பத்துக்குள்ளேயே கோர்ட்டு வரை போனார்கள். ஒரு பங்காளி பிரிந்து போய் வேறு மாநிலத்தில் வேறு பார்க்கை எடுத்து நடத்தினார். நமக்குப் பக்கத்தில் வொண்டர்லா இன்னொரு வழி. வி-கார்ட் கம்பெனியைத் தொடங்கிய கொச்சௌசெப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்று ஆரம்பித்து, 2005-இல் பெங்களூரு, அப்புறம் ஹைதராபாத் என்று போனார்கள். 2014-இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். குடும்பம்தான் முன்னே நிற்கிறது, பணம் பொதுமக்களிடம் இருந்தும் வருகிறது. அவர்களும் கொச்சியில் சொந்தமாக ரைடு செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மாக் கதையில் பார்த்த அதே பட்டறை.

இனி உங்கள் ஆறு ஏக்கர். நான் உங்கள் அப்பாவாக இருந்தால் அதில் இப்போதைக்குப் பார்க் கட்ட மாட்டேன். நோம்பியில் கூட்டத்தை அம்மன் கூட்டி வைத்துவிடுகிறாள். கம்பம் நட்ட நாளில் இருந்து மஞ்சள் நீராட்டு வரை ஜனம் தானாக வருகிறது, நீங்கள் அது வருகிற இடத்தில் போய்த் தூரியை நிறுத்துகிறீர்கள். பதினைந்து நாளில் அங்கே முடிந்தால் அடுத்த ஊர். பார்க்கில் கூட்டத்தை நீங்கள்தான் வரவழைக்க வேண்டும், அதுவும் செவ்வாய்க்கிழமை மத்தியானமும். கார் நிறுத்தவே உங்கள் நிலத்தில் பெரிய பங்கு போய்விடும். அப்புறம் கழிப்பறை, தண்ணீர், சாப்பாட்டு இடம், ஜெனரேட்டர். மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்தில் பிளாக் தண்டர் இருக்கிறது, கோவையில் கோவை கொண்டாட்டம் இருக்கிறது. ஒரு நாள் சும்மா போய், ரைடில் ஏறாமல், பின்பக்கம் பம்ப் அறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று மட்டும் பார்த்து வாருங்கள்.

அதே நிலத்தில் ஓர் ஏக்கரில் பட்டறை போடுவேன். நம் பக்கத்தில் திருவிழா ராட்டினம் வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் எல்லோருடைய இரும்பும் எங்கோ ஒரு காலி மனையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைக் கொண்டு வந்து பிரித்து, சுத்தம் பண்ணி, பேரிங் மாற்றி, வெல்டு பார்த்து, பெயிண்ட் அடித்துத் தருகிற ஆள் கிடையாது. நமக்கு வேண்டிய கைகள் சுற்றிலும் இருக்கின்றன. திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிக்கு ஹைட்ராலிக் வேலை செய்கிறவர்களுக்கு ராட்டினத்தில் வரும் சிலிண்டர் பெரிய விஷயம் இல்லை. கோவையில் கியர் பாக்ஸுக்கும் மோட்டாருக்கும் பஞ்சமில்லை. வால்ட்கிர்ஷில் ஆர்கன்காரர்கள் இருந்தார்கள், நம் பக்கம் இவர்கள் இருக்கிறார்கள். பட்டறை ஓடி, மற்றவர்களின் ராட்டினங்களும் உங்கள் கையில் பழகிய பிறகு, பைபாஸ் ஓரத்து உணவகம் ஒன்றோடு பேசி நாலு குழந்தை ரைடை நிரந்தரமாக நிறுத்திப் பார்க்கலாம். நிலத்தையும் ராட்டினத்தையும் பெரியப்பா வீட்டோடு எந்தப் பங்கில் வைத்துக்கொள்வது என்பதை அதற்கு முன்னே எழுத்தில் முடித்துவிடுங்கள். எப்படி எழுதுவது என்பதை நல்ல ஆடிட்டரும் வக்கீலும்தான் சொல்ல வேண்டும். எழுத வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. ஜெர்மனியில் ஊர் ஊராகப் போகும் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒரு பரிசோதனைப் புத்தகம் உண்டு. வரைபடம், கணக்கு, எந்த வருடம் யார் பார்த்தார், என்ன மாற்றினார், எல்லாம் அதில் இருக்கும். ராட்டினம் போகும் ஊருக்கெல்லாம் புத்தகமும் போகும், ராட்டினம் கை மாறினால் அதுவும் கை மாறும். நம்மிடம் பொதுப்பணித் துறைச் சான்றிதழ், மின் ஆய்வாளர், தீயணைப்புத் துறை, போலீஸ் என்று ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகத் தாள் வாங்குகிறோம். ராட்டினத்துக்கென்று ஒரு புத்தகம் இல்லை. உங்கள் அப்பாவுக்கு எத்தனை தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அடியில் எந்தக் கட்டையை வைத்து ரசமட்டம் பார்ப்பது, எதிரெதிர்ப் பெட்டியில் எப்படி ஆளை ஏற்றினால் சக்கரம் ஒரு பக்கம் இழுக்காது, எந்தப் பின் நாலு நோம்பிக்கு ஒரு தடவை மாற வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது, தாளில் இல்லை.

நான் வேலை செய்த பார்க்கில் ஒரு திங்கட்கிழமை, பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, ஊஞ்சல் மாதிரி ஆடும் ரைடின் தொங்கு கையில் ஒரு வெல்டைச் சோதித்தோம். துணியில் தின்னர் நனைத்துத் துடைத்து, சிவப்புத் திரவம் அடித்து, பத்து நிமிஷம் விட்டு, துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை மேலே அடித்தோம். பளிச்சென்ற வெள்ளையில் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. வெல்டில் விரிசல், ஆனால் விரலால் தடவினால் எதுவும் தெரியாது. விடுமுறைக் கூட்டத்துக்கு ஓட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள் நிர்வாகத்தில். நான் சாவியைத் தரவில்லை. ரைடு நாலு நாள் நின்றது, அவர்கள் என்னோடு சில மாதம் சரியாகப் பேசவும் இல்லை. அந்த இடத்தில் அதற்கு முன் எப்போது சோதித்தோம் என்று தேடினால் பதிவே இல்லை. அன்றைக்குத்தான் ஒரு நோட்டு வாங்கித் தேதி போட்டு முதல் வரி எழுதினேன்.

நீங்களும் ஒரு நோட்டில் தொடங்குங்கள். அப்பாவை உட்கார வைத்து ஜயண்ட் வீலின் அச்சில் இருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பாகமாகக் கேட்டு எழுதுங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு உங்கள் தூரி வருகிறது என்றால், பூட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு சொல்லி அனுப்புங்கள். சோதிக்கிற டப்பாக்களை எடுத்துக்கொண்டு வருகிறேன். அச்சையும் தொங்கு கைகளையும் நீங்களும் நானும் சேர்ந்தே பார்த்துவிடலாம்.